கண்வலிப் பூ வரைந்த வாரம்

வெள்ளைக்காரர் காலத்தில் கொல்லிமலை வைத்தியசாலையில் நான் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் துரையின் மனைவி, எங்களுக்குத் துரைசானி, எண்ணெய் வண்ணத்தில் படம் வரைவார். ஓர் ஐப்பசியில், வேலியில் படர்ந்திருந்த காந்தள் வேண்டும் என்றார். மலையில் அதற்குக் கண்வலிப் பூ என்று பெயர். பெருக்க வரும், வாழவந்தி நாடு என்ற மலையூர்ப் பெண் அதைத் தேக்கிலையில் மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொண்டுவந்தாள்.

"ஊட்டுக்குள்ள வெக்காதீங்க. பார்த்தாக் கண்ணு நோவும்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் துரைசானி சிரித்தார். பூக்களைக் கண்ணாடிக் குடுவையில் வைத்தார். கோடு எதுவும் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தபடி மஞ்சளை அப்பினார். மறுநாள் காலை இதழ்கள் சிவந்திருந்தன.

"பூவை மாற்றியது யார்?" என்று என்னைக் கேட்டார்.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "யாரும் தொடலீங்க. மஞ்சளாப் பூத்து அப்புறம் செவக்குமுங்க" என்றாள்.

துரைசானி மஞ்சளை அழிக்கவில்லை. அதன் மேலேயே சிவப்பை வைத்தார்.

மூன்றாம் நாள் அவர் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் பட்ட விரலால் தேய்த்திருப்பார் என்று நினைத்தேன். டாக்டர் கோபத்தில் பூக்களை எறிந்துவிட்டு, அந்தப் பெண்ணை இனி வரவேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொன்னவளே அவள்தான். அது தெரிந்தும் நான் போரிக் மருந்து கலந்த தண்ணீரில் கண் கழுவும் வேலையைப் பார்த்தேன்.

இரண்டு நாளாகியும் வீக்கம் வடியவில்லை. டாக்டர் வளப்பூர் நாட்டுக்குப் போயிருந்த பகலில், நனைத்த நந்தியாவட்டைப் பூக்களோடு அவள் பின்வாசலில் நின்றாள். உள்ளே விட்டேன்.

"கண்ண மூடிக்கிட்டே இருங்க சாமி" என்று இமைகளின் மேல் பூக்களை வைத்தாள். மொழி புரியாவிட்டாலும் துரைசானி அசையாமல் கிடந்தார். அவள் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

வாரக் கடைசியில் கண் திறந்தது. எதனால் குணமானது என்று எனக்குத் தெரியாது. பதிவேட்டில் போரிக் என்று எழுதினேன். துரைசானி கணவரிடம் என்ன சொன்னாரோ, அவள் மறுபடி வேலைக்கு வந்தாள்.

படத்தில் குடுவை பாதியில் நின்றுவிட்டது. அவர் அதை முடிக்கவில்லை. அடுத்த மாதம் டாக்டருக்கு மாற்றலாகி அவர்கள் கிளம்பியபோதும் மலைப் பனியில் வண்ணம் காயாமலே இருந்தது. மூடிக் கட்ட முடியாததால், சுமைக்காரர் ஒருவர் அதைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு இறங்கினார். நானும் கூடப் போனேன். அடிவாரத்தில் பார்த்தபோது சிவப்பில் இரண்டு சின்னப் பூச்சிகள் ஒட்டியிருந்தன. எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும்" என்றார் துரைசானி.