மையில் தெரிந்தவர்

வெற்றிலையில் தடவியிருந்த மையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஒன்பது வயதில், ஈரத் தலையுடன் கிழக்கு நோக்கி உட்கார்ந்திருந்த அந்தப் பிற்பகலில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், இன்று எழுதுவதற்கு எனக்கு எதுவும் இருந்திருக்காது.

அது எண்பதுகளின் பிற்பாதி. என் தாய்மாமன் ஏழாண்டுச் சிறைவாசம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. நரிக்குடிப் பக்கம் கண்மாய்த் தண்ணீரை யார் வயலுக்கு முதலில் திருப்புவது என்று மூண்ட சண்டையில், ஒருவர் தலையில் மண்வெட்டிக் காம்பு இறங்கியது. அவர் பிழைக்கவில்லை. தண்டனை பெற்ற நால்வரில் மாமாவும் ஒருவர். அவர் செய்ததைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஒரு மனிதர் செத்துப்போனார். அதற்கு விதிக்கப்பட்டதை மாமா அனுபவித்து முடித்தார். ஆனால் பிறர் பொருளில் கை வைத்ததற்காக அவர் உள்ளே போகவில்லை. இந்த வேறுபாட்டை எங்கள் ஊர் கற்றுக்கொள்ள மறுத்தது. ஜெயிலுக்கு ஒரே வாசல். அதன் வழியாக வந்தவன் எதையும் செய்வான் என்பதே ஊரின் தீர்ப்பு. இதற்கு மேல்முறையீடு கிடையாது.

அப்பா திருச்சுழியில் உரக்கடை வைத்திருந்தார். மாமா காலையில் கடைக்குப் போய் மூட்டை இறக்கிவிட்டு மாலையில் வருவார். சிறை அவரிடம் சில பழக்கங்களை விட்டுவைத்திருந்தது. தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிடுவார். கொல்லைப்புறம் போவதற்கும் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். அப்பா கூடத்துக்குள் வந்தால் சட்டென்று எழுந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்பார். “உக்காரு மாப்ள” என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் சொல்ல நேர்வதில் அப்பாவுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

காக்கி உடையைக் கண்டால் மாமாவின் முதுகு தானாக நிமிரும். தபால்காரரானாலும் பஸ் கண்டக்டரானாலும் அப்படித்தான். இதை நான் ஒரு விளையாட்டாகக் கண்டுபிடித்தேன். அவர் சாப்பிடும்போது வாசலில் நின்று, “மாமா, போலீசு!” என்று கத்துவேன். அவர் தட்டை வைத்துவிட்டு நிமிர்வார், நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். ஒருநாள் அம்மா அதைப் பார்த்துவிட்டு என் முதுகில் வைத்த அடியை நான் வெகுநாள் அநியாயம் என்றே நினைத்திருந்தேன்.

ஏழாண்டும் சிறையில் அவருக்குத் தறி வேலை. கைத்தறியில் போர்வை நெய்தார், ஜமுக்காளம் நெய்தார். வெளியே வந்தால், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் அருப்புக்கோட்டை. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். தொழில் தெரிந்தவருக்கு வேலை கிடைப்பதில் என்ன தடை என்று அம்மா நினைத்தார். தடை ஒரே கேள்வியில் இருந்தது: “இதுக்கு முன்னால எங்க தறி நெஞ்ச?” மாமா பொய் சொல்லத் தெரியாதவராக இருந்தார், அல்லது பொய் சொல்லப் பயந்தார். நான்கு இடங்களில் அந்தக் கேள்விக்குப் பின் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் அப்பாவே ஒரு தறி முதலாளியைப் போய்ப் பார்த்தார். மூன்றாவது முறை போனபோது அவர் இறங்கி வந்தார்.

“ஒங்க வாக்குக்காகத்தான் அண்ணாச்சி. ஆளு ஒங்க பொறுப்பு. தை பொறந்ததும் அனுப்பி வைங்க.”

அப்பா இதை வீட்டில் வந்து சொன்ன அன்று அம்மா கேசரி கிண்டினார். தறிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே தங்க இடம், வாரக்கூலி. ஓராண்டு நின்று நிலைத்துவிட்டால் பெண் பார்க்கலாம் என்று அம்மா மாமாவின் எதிர்காலத்தை அடுப்படியில் உட்கார்ந்தே கட்டி முடித்துவிட்டார். மாமா காலண்டரைப் பார்த்தபடி நின்றிருந்தார். தைக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன.

அந்த மூன்று வாரத்துக்குள் அத்தை வந்தார்.

அத்தை அப்பாவின் மூத்த சகோதரி, காரியாபட்டியில் வாழ்க்கைப்பட்டவர். மார்கழித் திருவாதிரைக்குச் சாமி பார்க்க, என்னைவிட ஒரு வயது இளையவனான தம் மகனுடன் வந்திருந்தார். வந்த மறுநாள் காலை, கழற்றி வைத்த இரட்டைவடச் சங்கிலியைக் காணவில்லை என்றார். பாய் உதறப்பட்டது, அண்டா நகர்த்தப்பட்டது, அவருடைய ரெக்சின் பை கவிழ்த்துக் கொட்டப்பட்டது. சங்கிலி இல்லை. யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. ஆனால் மாமாவின் டிரங்குப் பெட்டியை எல்லோரும் பார்த்தார்கள்.

“நான் யாரையும் சொல்லல. வீட்டுக்குள்ள வச்சது வீட்டுக்குள்ளதான இருக்கணும்? அதுக்கென்ன காலா மொளச்சிருக்கு?” என்றார் அத்தை.

அம்மா மாமாவின் பெட்டியைத் தாமே தூக்கி வந்து கூடத்தில் கவிழ்த்தார். இரண்டு வேட்டி, ஒரு சவரக்கத்தி, சிறையில் கொடுத்த ஒரு சான்றிதழ்.

“போதுமா மதினி? என் தம்பி கை வச்சிருந்தா அந்தக் கைய நானே ஒடிப்பேன். ஆனா பாக்காம சொல்லாதீக.”

“பாத்துட்டே சொல்லுவோம். மை போட்டுருவோம்.”

எங்கள் பக்கத்தில் பொருள் காணாமற்போனால் போலீசுக்குப் போவதற்கு முன் மை போடுவது வழக்கம். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, வயதுக்கு வராத ஒரு குழந்தையை அதை உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். எடுத்தவர் உருவம் அதில் தெரியும் என்பது நம்பிக்கை. அம்மா ஒரு கணமும் தயங்கவில்லை. “போடுங்க. என் தம்பி அதுல வரமாட்டான்” என்றார். அவர் மையை அவ்வளவு நம்பினார். தம்பியை அதைவிட நம்பினார். மாமாவைக் காப்பாற்றப்போகிறோம் என்று நினைத்து அவரைக் கூண்டில் ஏற்றியது அம்மாதான்.

மறுநாள் மதியம், மாமா கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், மைக்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். வாழைப்பழம், தேங்காய், சூடம் எல்லாம் தயாராக இருந்தன. முதலில் அத்தை மகனை உட்கார வைத்தார்கள்.

“என்னப்பா தெரியுது?”

“கரேர்னு இருக்கு.”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாக்கேன். கரேர்னுதான் இருக்கு.”

கூடம் சிரித்தது. “ராசி இல்லாத பய, எந்திரிலே” என்று அவன் தாயே அவன் மண்டையில் குட்டி எழுப்பினார். அந்த மைக்கு முன்னால் உண்மை பேசிய ஒரே ஆள் அவன். அவனுக்குக் கிடைத்தது ஒரு குட்டு. அதைப் பார்த்துக்கொண்டே நான் போய் உட்கார்ந்தேன். “எம் மக பாக்கட்டும்” என்று அம்மாதான் என்னை அனுப்பினார். வகுப்பில் நான் கேள்விக்கு விடை தெரியாது என்று சொல்லிப் பழகாதவள்.

மைக்காரர் குரல் மென்மையாக இருந்தது. மைக்குள் இடம் பெருக்குகிறவன் வந்துவிட்டானா என்றார். ஆமாம் என்றேன். தண்ணீர் தெளிக்கிறவன்? ஆமாம். நாற்காலி போட்டாயிற்றா? ஆமாம். ஆஞ்சநேயர் வந்து அமர்ந்துவிட்டாரா? ஆமாம். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய் மினுக்கமும், அதில் நெளிந்த சன்னல் வெளிச்சமும். ஆனால் ஒவ்வோர் ‘ஆமா’வுக்கும் பின்னாலிருந்து பெருமூச்சுகள் எழுந்தன. “புள்ளைக்கு என்ன பார்வ!” என்று யாரோ சொன்னார்கள். என் காது சூடாகியது. அது பெருமையின் சூடு.

“இப்ப ஆஞ்சநேயர்கிட்ட கேளு தாயி. எடுத்த ஆளக் கொண்டாந்து நிறுத்தச் சொல்லு. வந்தாச்சா?”

“வந்தாச்சு.”

“ஆம்பளயா, பொம்பளயா?”

“ஆம்பள.”

“எப்பிடி நிக்கிறான்?”

இந்தக் கேள்விக்கு ‘ஆமா’ என்று விடை சொல்ல முடியாது. ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிற்கும் ஓர் ஆணை மனத்துக்குள் தேடினேன். நின்றுகொண்டே இருக்கும் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

“கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாக” என்றேன்.

மைக்காரர் சூடத்தை அணைத்தார். அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. “வீட்டு ஆளுக. இனி நீங்க பேசிக்கங்க” என்று சொல்லிவிட்டு, தேங்காய் மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மா என் கையைப் பிடித்து மாட்டுக்கொட்டடிப் பக்கம் கூட்டிப்போனார். மண்டியிட்டு என் முகத்துக்கு நேராக வந்தார். “ஏத்தா, அம்மாட்ட சொல்லு. நெசமாவே தெரிஞ்சுதா?”

இந்த இடத்தைப் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். கூடத்தில் சொன்னதற்கு வயதைக் காரணம் காட்டலாம். கூட்டத்தைக் காரணம் காட்டலாம். இங்கே கூட்டம் இல்லை. குட்டுவதற்கு ஆள் இல்லை. என்னை நம்புவதற்காகவே ஒருவர் மண்டியிட்டுக் காத்திருந்தார். நான் அவருடைய கண்ணைப் பார்த்து, “ஆமாம்மா, மாமாதான்” என்றேன்.

மை சொன்னதை வழியிலேயே கேட்டுவிட்டு, பொழுது சாய மாமா வந்தார். அப்பா நாற்காலியில் இருந்தார். இம்முறை உட்காரச் சொல்லவில்லை.

“மாப்ள, நான் ஒண்ணும் கேக்கல. காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்பிரு.”

“நான் எடுக்கல மச்சான்.”

“எடுத்தேன்னு யாரு சொன்னா?”

“அப்பறம் எதுக்குப் போகச் சொல்றீக?”

மாமா அம்மாவிடம் திரும்பினார். “அக்கா, நீ சொல்லு.”

அம்மா தரையைப் பார்த்தபடி, “சோறு வைக்கிறேன். தின்னுட்டுப் போ” என்றார்.

மாமா சாப்பிடவில்லை. காலைவரை காத்திருக்கவும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தபோது என் புத்தகப்பை வாசற்படியில் கிடந்தது. அதைத் தாண்டிப் போகாமல், குனிந்து எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு இறங்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா கெட்டவர் அல்லர். இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் கோபத்துக்கு ஒரு முகவரி இருந்திருக்கும். அப்பா மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் போய், தாம் சொன்ன ஆள் இனி வேண்டாம் என்று தறி முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார். அது நேர்மை என்று மனப்பூர்வமாக நம்பினார். அத்தையோ ஊருக்குப் போகுமுன் எனக்கு ஒரு பட்டுப்பாவாடைத் துணி எடுத்துக் கொடுத்தார்.

தை பிறந்தது. மாமா அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குவதாகவும் அங்கேயே படுப்பதாகவும் ஒருவர் சொன்னார். மாசியில், ஏதோ ஒரு கடையில் பூட்டு உடைந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் விசாரிக்க எளிதான ஆள் யார்? வீடில்லாதவர், வேலையில்லாதவர், ஏற்கெனவே உள்ளே இருந்தவர். அவரைப் பிடித்துப் போனார்கள். அவருக்காக வாக்குச் சொல்ல யாரும் போகவில்லை. சொல்லக்கூடிய வாக்கைத்தான் அப்பா திரும்ப வாங்கிவிட்டிருந்தாரே.

பங்குனியில் அத்தையின் கணவர் யூரியா வாங்கக் கடைக்கு வந்தார். மூட்டையை வண்டியில் ஏற்றிய பிறகு, போகிற போக்கில் சொன்னாராம்: சங்கிலி கிடைத்துவிட்டது, ரெக்சின் பையின் உள்துணி கிழிந்து, அதற்குள் இறங்கிக் கிடந்தது. கிடைத்து ஒரு மாதமாகிறதாம். சொல்லுவதற்கு அத்தைக்கு வெட்கமாக இருந்ததாம்.

வெட்கம்! ஒரு மனிதர் பூட்டிய அறையில் இருந்த அந்த ஒரு மாதமும் அத்தை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அத்தையே வந்தார். கழுத்தில் சங்கிலி இருந்தது. என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துத் தலையைத் தடவினார். “சின்னப்புள்ள, அதுக்கென்ன தெரியும்? என்னத்தையோ ஒளறிருச்சு. அதப் போயி நம்ம பெருசா எடுத்துக்கிட்டோம்” என்றார். “ஆமா, புள்ள மேல என்ன தப்பு?” என்றார் அப்பா. மூன்று மாதத்துக்கு முன் ஆஞ்சநேயரோடு பேசிய பிள்ளை, ஒரே வாக்கியத்தில் ஒன்றுமறியாத பிள்ளையாகிவிட்டது. என்னை மன்னித்த சுருக்கில் அவர்கள் காபி குடித்தார்கள். தங்களையும் அதே மூச்சில் மன்னித்துக்கொண்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ளும் அறிவு எனக்கு இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அம்மா மறுநாள் இரண்டு படி அரிசி இடித்து முறுக்குச் சுட்டார். அதைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, மாமாவை மனுப்போட்டுப் பார்க்க மதுரை ஜெயிலுக்குத் தனியாகப் பஸ் ஏறினார். மனுவில் எழுதிய பெயரைப் பார்த்துவிட்டு மாமா வெளியே வர மறுத்துவிட்டார் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது. இரண்டு முறை சொல்லியனுப்பியும் அவர் வரவில்லை. சங்கிலி கிடைத்த செய்தியை அம்மா அவரிடம் சொல்லவே முடியவில்லை.

அம்மா சாயங்காலம் திரும்பி வந்தபோது பொட்டலம் கட்டியது கட்டியபடியே இருந்தது. நான் ஓடிப்போய் அதை வாங்கினேன்.

“மாமா திங்கலயாம்மா?”

“அவனுக்குப் பசிக்கலயாம். நீ தின்னு.”

நான் உட்கார்ந்து தின்றேன். அம்மா புடவைகூட மாற்றாமல் எதிரே அமர்ந்து, நான் தின்று முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மீதுள்ள பிரியத்தால்தான் அப்படிப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.