சண்டை போன் முத்திருளன்

தெருவில் எங்கே அடிதடி நடந்தாலும் முத்திருளன் அடித்துக்கொள்கிறவர்களைப் பார்க்க மாட்டான். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வேடிக்கை பார்க்கிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாகமலை புதுக்கோட்டையில் ஒரே தெருவில் அவனோடு வளர்ந்தவன் நான். திருவிழாச் சண்டை, குழாயடிச் சண்டை, பள்ளிக்கூட வாசல் சண்டை எல்லாவற்றிலும் அவன் அப்படித்தான் நின்றான்.

நாங்கள் ப்ளஸ் டூ படித்தபோது, பஸ் நிறுத்தத்து டீக்கடை முன்னால் ஒருவரை அவருடைய பங்காளியே அரிவாளால் வெட்டினான். அவர் கையை உயர்த்தித் தடுத்ததில் வெட்டு விரல்களில் விழுந்தது. துண்டான விரல்கள் பெஞ்சுக்கு அடியில் கிடந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முத்திருளன் அந்தப் பெஞ்சின் மேலேயே ஏறி நின்று கூட்டத்தைப் பார்த்தான். வீட்டுக்கு நடக்கும்போது சொன்னான்.

"பஸ்ஸு வந்து நின்னுச்சு மாப்ள, ஒருத்தன் ஏறல. டிரைவரும் எறங்கி வந்துட்டாப்ல."

வெட்டுப்பட்டவர் பிழைப்பாரா என்று நான் கேட்டேன். அவன் அதை யோசித்தே பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.காம். முடித்து, போட்டித் தேர்வுகள் எழுதிக்கொண்டே, தல்லாகுளத்தில் சேக் இஸ்மாயில் பாயின் செல்போன் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்த்துவிட்டவன் முத்திருளன்தான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட அவன் அங்கே புரமோட்டராக இருந்தான். புரமோட்டர் என்றால் கடைக்காரருடைய ஆள் இல்லை. போன் கம்பெனி சம்பளம் கொடுத்து, அடுத்தவர் கடையில் தன் போனைத் தள்ளிவிட நிறுத்திவைக்கிற ஆள். உள்ளே வருகிற வாடிக்கையாளர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதில் அவனுடைய வேலை இருக்கிறது.

முத்திருளன் கெய்ரா போனுக்கு நின்றான். பக்கத்திலேயே ட்ரோவா போனுக்குப் பாண்டியராஜன் அண்ணன் நின்றார். அவருக்கு எங்களைவிட வயது கூட. ஆனையூரில் வாடகை வீடு, மனைவி முனீஸ்வரி, ஒரு கைக்குழந்தை. ஒருநாள் கடையில் சர்வீஸ் பார்ப்பவர் கெய்ராவையும் ட்ரோவாவையும் கழற்றி மேசையில் பரப்பிக் காட்டினார். அதே சிப், அதே பேட்டரி, அதே கேமரா. முதுகில் இருந்த பெயர்தான் வேறு. விலையில் ட்ரோவா கொஞ்சம் குறைவும்கூட. பாண்டியராஜன் அண்ணன் இதை வருகிறவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்வார். அதனால் ட்ரோவா ஓரளவு போனது. கெய்ரா அப்படியே கிடந்தது.

கெய்ராவின் ஏரியா மேனேஜர் வந்து, தீபாவளிக்குள் விற்பனை ஏறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வருவான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏற்கெனவே வேறு கடைகளிலும் முத்திருளனை இப்படித்தான் நிறுத்தியிருந்தார்கள். இதுவும் போனால் அவன் அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போக வேண்டும். அவனுடைய அப்பா குடித்துவிட்டு வந்தால், மீசை வளர்ந்த மகனென்றும் பார்க்காமல் பெல்ட்டை உருவுவார். பக்கிள் பட்ட தழும்பு முத்திருளனின் கழுத்துக்குப் பின்னால் இருந்தது. கடையில் எப்போதும் காலர் சட்டைதான் போடுவான்.

ஆடித் தள்ளுபடியின்போது அது நடந்தது. கெய்ராவில் நீல நிறத்தில் ஒரே ஒரு போன்தான் மிச்சம். அதை ஒருவர் கையில் வைத்திருக்க, இன்னொருவர் நான்தான் முதலில் கேட்டேன் என்றார். வார்த்தை தடித்து, ஒருவர் மற்றவரின் கன்னத்தில் அறைந்தார். அறை வாங்கியவர் தலையால் முட்டினார். மூக்கு உடைந்து ரத்தம் கண்ணாடி மேசை மேல் சொட்டியது. பாய் இருவரையும் வெளியே தள்ளினார். யாரோ அதைப் படமெடுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் கடை திறந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். யாரும் கெய்ரா என்று கேட்கவில்லை. நேத்து அடிச்சுக்கிட்டாய்ங்களே அந்த போன் எது என்றுதான் கேட்டார்கள். இருந்ததெல்லாம் அன்றே தீர்ந்தது.

அடுத்த மாதத்தில் மேலும் சில சண்டைகள் வந்தன. ஒன்றில் ஒருவனுக்கு உதடு கிழிந்தது. இன்னொன்றில் ஒருவனைப் படியில் உருட்டிவிட்டு மற்றவன் வயிற்றில் மிதித்தான். ஒவ்வொன்றும் கெய்ராவின் கடைசிப் போனுக்காக, கூட்டம் நிறைந்த சனிக்கிழமை சாயங்காலத்தில். முதல் சண்டை தானாக வந்ததுதான்; இவற்றை ஏற்பாடு செய்தவன் முத்திருளன் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனையூர்ப் பக்கத்து இளவட்டங்களான சோணை, ராம்கி இருவரையும் பிரியாணி வாங்கிக் கொடுத்துப் பழக்கியிருந்தான். வரும் சரக்கை உள்ளறையில் மறைத்துவிட்டு, மேசையில் ஒன்றை மட்டும் வைப்பான். அடி மட்டும் உண்மையாக விழ வேண்டும் என்பது அவனுடைய ஒரே நிபந்தனை. பொய்யடி வீடியோவில் தெரிந்துவிடுமாம்.

கெய்ராவுக்குச் சண்டை போன் என்றே பெயர் வந்துவிட்டது. உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து சண்டை போன் கேட்டார்கள். பாய் கல்லாவில் உட்கார்ந்தபடி, வியாபாரம் ஏறுது சரி, ரத்தம் தொடைக்கத் தனியா ஒரு ஆள் போடணும் போலருக்கே தம்பி என்று என்னிடம் சொன்னார். பாண்டியராஜன் அண்ணன் தன் வழக்கப்படி, இரண்டும் உள்ளே ஒன்றுதான் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். உசிலம்பட்டிக்காரர் ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்றீங்க. அப்ப இதுக்கு மட்டும் ஏன்ணே மண்டைய ஒடச்சுக்கிறாய்ங்க?"

அண்ணன் ட்ரோவாவைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். அந்த ஆள் கெய்ராவை வாங்கிக்கொண்டு போனார்.

நானும் வாங்கினேன். மேசையில் இரண்டையும் கழற்றிப் பரப்பியதைப் பார்த்தவன் நான். தினமும் இரண்டுக்கும் பில் போட்டவன். ஆனாலும் கெய்ராவைத்தான் வாங்கினேன். தெருவில் பெட்டியைப் பிரித்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ட்ரோவாவாக இருந்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். யாரோ ஒருவன் பல்லைக் கொடுத்து வாங்கப் பார்த்த பொருள் என் கையில் இருக்கிறது என்ற திருப்தியா அது? அந்த விலையில் இத்தனை போன்கள் இருக்க, ஊர் ஒன்றை மட்டும் ஏன் பேசுகிறது என்பதற்கு நான் படித்த பாடங்களில் பல பெயர்கள் இருந்தன. விளம்பரம், தட்டுப்பாடு, மற்றவர் வாங்குவதைப் பார்த்து வாங்குவது. அவற்றைப் படித்துத் தேர்வெழுதியவன்தான் வாங்கினேன். தெரிந்துகொண்டது என்னைத் தடுக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஏரியா மேனேஜர் மறுபடி வந்திருந்தார். சண்டை போன் விற்கிறதைத் தானே நேரில் பார்க்க வேண்டுமாம். முத்திருளன் புதுச் சட்டையில் இருந்தான். கடைக்குள்ளும் படியிலும் கால் வைக்க இடமில்லை. சோணையும் ராம்கியும் கடைசிப் போனுக்கு மல்லுக்கட்டிக்கொண்டே படிக்கு நகர்ந்தார்கள். சோணை ராம்கியின் முகத்தில் குத்தினான். திரும்பவும் குத்தினான். ராம்கியின் பல்லெல்லாம் சிவந்துவிட்டது.

நான் பில் மேசையிலிருந்து முத்திருளனைப் பார்த்தேன். சண்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படியில் குழந்தையோடு ஒரு பெண் மாட்டிக்கொண்டிருந்தாள். பாண்டியராஜன் அண்ணன் அதைப் பார்த்து இறங்கிப் போனார். சண்டையை விலக்க, ராம்கியைப் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் கட்டி இழுத்தார். எதிர் ஜூஸ் கடையில் ராம்கியின் கூட்டாளிகள் நின்றிருந்தது யாருக்கும் தெரியாது. அவர்கள் சினிமாவுக்குப் போகிற வழியில் நின்றவர்கள். ராம்கி கூலிக்குச் சண்டை போடுவதை அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: தங்கள் ஆளை ஒருவன் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் மூஞ்சியில் குத்துகிறான். எங்கள் பக்கத்தில் அதற்கப்புறம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். பாய்ந்து வந்தார்கள்.

சோணை அவர்களைக் கண்டதும் ஓடிவிட்டான். பாண்டியராஜன் அண்ணன் மட்டும்தான் கையில் கிடைத்தார். ஒருவன் கதவோரம் சாத்தியிருந்த ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்து அவருடைய இடது காதோடு சேர்த்து அடித்தான். தேங்காய் உடைகிற மாதிரி சத்தம். அப்போதுதான் முத்திருளன் திரும்பிப் பார்த்தான். அடுத்த அடி தாடையில் விழுந்தது. கீழே விழுந்தவரை விலாவில் மிதித்தார்கள். அவர் தவழ்ந்து கடை வாசலுக்கு வந்தார். கம்பியோடு துரத்தி வந்தவனின் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கடைக்குள் நுழைந்து, கண்ணை மறைத்த ரத்தத்தோடு எதிரே தெரிந்ததையெல்லாம் வீசினார். எதிரே வந்தது ராம்கி. கூட்டாளிகளைத் தடுக்க, விடுங்கடா விடுங்கடா என்று கத்திக்கொண்டே குறுக்கே புகுந்தவன். கம்பி தோளில் பட்டு, அவன் கண்ணாடி அலமாரிக்குள் சாய்ந்தான். உடைந்த கண்ணாடி மணிக்கட்டை எலும்புவரை திறந்துவிட்டது.

கடை கேமரா உள்பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். படியில் அண்ணன் வாங்கிய அடி அதில் இல்லை; அந்தத் தள்ளுமுள்ளில் வேறு யாரும் அதைப் படமெடுக்கவும் இல்லை. அவர் கம்பியை வீசியது மட்டும் தெளிவாக இருந்தது. அவரை அடித்தவர்கள் அதற்குள் கூட்டத்தோடு கலைந்துவிட்டார்கள். ராம்கி உயிர் பிழைத்தான். ஆனால் வலது கை விரல்கள் அதன்பிறகு மடங்கவில்லை. நடிக்கத்தான் வந்தோம் என்று சொன்னால் தன் மேலும் தன் கூட்டாளிகள் மேலும் வழக்கு வரும் என்று பயந்து, புகாரில் வேறு மாதிரி சொன்னான். போன் வாங்க வந்தேன், ட்ரோவா ஆள் தன் போன் விற்கவில்லையே என்ற பொறாமையில் பிடித்து அடித்தான் என்று. கேட்டவர்களுக்கு அது பொருத்தமாக இருந்தது. பாண்டியராஜன் அண்ணன் கொலை முயற்சி வழக்கில் குற்றவாளியானார்.

அந்த வாரம் கெய்ரா விற்ற மாதிரி எந்தப் போனும் அந்தக் கடையில் விற்றதில்லை.

பெரிய ஆஸ்பத்திரி மாடிப்படியில் முத்திருளன் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான்.  நேராக ஸ்டேஷனுக்குப் போய் இதையே சொல் என்றேன். சண்டை ஏற்பாடு என்று தெரிந்தால் பொறாமை என்கிற பேச்சே அடிபட்டுப்போகும், அண்ணன் விலக்கத்தான் போனார் என்பது விளங்கும் என்றேன்.

"சொன்னா என்னையத் தூக்கிருவாய்ங்கடா. மேனேஜரு என்னைய ட்ரெய்னராப் போடப் போறேன்னுருக்காரு. மறுபடி எங்கப்பன் பெல்ட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்றியா?"

"அண்ணன் உள்ள போயிருவாருடா."

"வாரேன்டா. இந்த ட்ரெய்னர் வேலை ஆர்டர் கைக்கு வந்துரட்டும். வந்து சொல்லிர்றேன்."

வார்டில் முனீஸ்வரி அக்கா கணவனின் தலைமாட்டில் நின்றிருந்தார். முத்திருளன் அவரிடமும் போய், உங்க வீட்டுக்காரருக்காக நானே வந்து சாட்சி சொல்றேன்க்கா, நீங்க கலங்காதீங்க என்றான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போது அவன் உண்மையாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேனா, நினைக்க விரும்புகிறேனா என்று தெரியவில்லை.

வேலை உத்தரவு வந்ததும் அவன் கோயம்புத்தூருக்குப் போனான். நான் ஸ்டேஷனுக்குப் போய், படியில் அண்ணன் அடிவாங்கியதைச் சொன்னேன்; அதே கடை ஆள் அப்படித்தான் சொல்வான் என்றார்கள். முத்திருளன் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஏற்பாடு பண்ணுனதை நீ கண்ணால பார்த்தியா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை. அவன் சொல்லக் கேட்டதுதான். அவன் வந்து சொன்னால் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். சோணை எந்த ஊரில் இருக்கிறான் என்பது யாருக்கும் தெரியவில்லை. ராம்கி என்னைக் கண்டால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறான். அவனுடைய அம்மா, மகனின் மடங்காத கையை எனக்குக் காட்டி, இன்னும் என்னய்யா வேணும் உங்களுக்கு என்று கேட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது முத்திருளன் மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் புதுப் புரமோட்டர்களுக்கு வகுப்பெடுக்கிறான். அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்புகிறான். அவரும் தெருவில் மகனைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார். நல்லவன் என்று அவனைச் சொல்ல என்னால் முடியாது. கெட்டவன் என்று எழுதினாலும் கழுத்துத் தழும்பு ஞாபகம் வந்து கை நிற்கிறது.

பாண்டியராஜன் அண்ணன் ஜாமீனில் இருக்கிறார். ட்ரோவா வேலை போய்விட்டது. தண்ணீர் கேன் வண்டியில் ஏற்றி இறக்குகிறார். வாய்தா தேதிகளில் தல்லாகுளத்துக் கோர்ட்டுக்கு முனீஸ்வரி அக்காவோடு வருகிறார். நானும் போகிறேன். ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தின நாள் முத்திருளனுக்குப் போன் செய்வேன். எடுப்பான். ஒளிய மாட்டான். வர்ற வாய்தாவுக்குக் கண்டிப்பா வாரேன்னு அண்ணன்கிட்ட சொல்லிரு மாப்ள என்பான்.

போன வாய்தாவில், சாட்சிகள் விசாரணை முடியப்போகிறது, அந்த ஆள் இனியும் வராவிட்டால் தீர்ப்புக்குப் போய்விடும் என்று வக்கீல் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவரு வாரேன்னு சொன்னாரா?"

"சொன்னான்க்கா."

உள்ளேயிருந்து பாண்டியராஜன் என்று கூப்பிட்டார்கள். அடிபட்டதிலிருந்து கேட்காத இடது காது அந்தப் பக்கம் இருந்ததால் அண்ணன் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அக்கா அவருடைய தோளைத் தொட்டுத் திருப்பினார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பேச வேண்டியவன் நிற்க வேண்டிய இடம் அன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது.