மேனேஜர் பங்களாவின் சாவி வில்லைகள்

சுரங்க மேனேஜர் குடியிருந்த பங்களா இப்போது விருந்தினர் விடுதி. அங்கே அறை கூட்டிப் படுக்கை விரிப்பவளுக்கு ஊர் வைத்த பெயர் சண்டி. அவள் நாலாம் வகுப்போடு நின்றபோது பள்ளிக்கூடம் பெருமூச்சு விட்டதாகக் கேள்வி. கட்டிய புருஷனே தொண்டையைச் செருமி அனுமதி வாங்கிய பிறகுதான் அவளிடம் பேசுவார்.

அவள் அப்பா சுரங்கத் தொழிலாளி. உள்ளே இறங்குகிறவர்கள் தங்கள் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்; மேலே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே என்று கணக்கு. ஒரு நாள் சுரங்கம் இடிந்தது. குழியை அப்படியே மூடச் சொல்லிவிட்டு, மேனேஜர் இதே பங்களாவில் சாப்பிட உட்கார்ந்தார். அப்பாவின் வில்லை தொங்கியபடியே கிடந்தது.

விடுதி முதலாளிக்கு அழகு என்றால் உயிர். பழைய பலகையில் மிச்சமிருந்த வில்லைகளை மெருகேற்றி, பின்புறம் அறை எண் எழுதி, அந்த வாரம்தான் அறைச் சாவிகளில் கோத்துவிட்டார். மேலே வந்தவன் எவனும் தன் வில்லையை விட்டுப் போகவில்லை என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

அன்று காலை மாடி அறைச் சாவி சண்டியின் கைக்கு வந்தது. எண்ணைத் தடவிப் பார்த்தாள். அம்மா சாகும்வரை முணுமுணுத்த எண்.

துடைப்பம் ஒரு பக்கம் பறந்தது. முன்கூடத்தில் தொங்கிய எல்லாச் சாவிகளிலிருந்தும் வில்லைகளைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தாழ்வாரம் சந்தைக்கடையானது. எது எந்த அறைச் சாவி என்று தெரியாமல் விருந்தாளிகள் கதவு கதவாகக் குத்திக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் ஈரத்துண்டோடு ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி ஓடி வந்தார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? குடு அதை!"

"மாட்டேன்."

"வெறும் பித்தளைக்கா இவ்வளவு ஆட்டம்?"

"இது எங்கப்பா சார். மத்தவங்க அவரோட இறங்கினவங்க. போறவன் வர்றவன் விரல்ல மாட்டிச் சுத்துறதுக்கா இவங்க?"

ஈரத்துண்டுக்காரர் தன் கையிலிருந்த சாவியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"குடுக்கலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!"

"வேலை உங்களோடது, வச்சுக்குங்க. அந்த மேனேஜர் இவங்கள உள்ளேயே விட்டாரு. நீங்க சாவியில தொங்க விட்டீங்க. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

எந்த எண் எந்த வீட்டு ஆளுடையது என்று தொழிலாளர் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். சண்டி முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, சீக்கிரம் கதவத் திற. உன் மாமனார் வந்திருக்கார்."