பதினெட்டு இன்ச் சக்கரமும் பாலாற்றுப் பாலமும்

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் டயர், சக்கரம் என்று ஒரு பேச்சு வந்தால் செவிலிமேட்டில் என்னைத் தாண்டிப் போக முடியாது. அடுத்தவர் நிலத்தில் டிராக்டர் ஓட்டி ஆரம்பித்தவன் நான். பிறகு ஜல்லி லாரியில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு ஒரு பழைய லாரிக்குச் சொந்தக்காரன். இன்றைக்கு என் லாரிகள் சென்னைச் சாலையில் ஓடாத நாள் கிடையாது. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. டயரை இரும்புத் தடியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், வருகிற சத்தத்திலேயே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மீட்டர் வைத்துப் பார்த்தவர்கள் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட என்னை வீட்டுக்கென்று வாங்கிய ஒரு கார் வைத்து வாட்டிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

கார் வாங்கியதே என் மகளுக்காக. கல்யாணமாகிப் பல வருஷம் அவளுக்குக் குழந்தை இல்லை. திருப்புட்குழிப் பெருமாள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை வேண்டும் என்கிற பெண்கள் வறுத்து ஊறவைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்து பார்க்கும்போது அது முளை விட்டிருந்தால் நல்லது நடக்கும். வறுத்த பயறு முளைக்குமா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். என் மகளுக்கு முளைத்தது. அப்புறம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கர்ப்பம் கொஞ்சம் இறக்கமாக இருக்கிறது, குலுங்குகிற வண்டியில் ஏற்றாதீர்கள் என்று. மகளைக் கொடுத்த ஊரோ பாலாற்றுக்கு அந்தப் பக்கம், வந்தவாசி போகிற சாலையில். எங்கள் ஜனத்தில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவோம். பெற்ற தகப்பன் தன் வண்டியில் கூட்டி வர வேண்டும். அன்றைக்கு அவள் வேறு ஒருவர் வண்டியில் வந்து இறங்கினால், 'அப்பன் வீட்டில் வக்கில்லை' என்று காலத்துக்கும் பேச்சு நிற்கும். அதனால்தான் உயரமான பெரிய காராகவே எடுப்போம், எஸ்யூவி என்கிறார்களே அது, என்று முடிவு செய்தேன்.

ஷோரூமில் ஒரே காரை இரண்டு மூன்று விதமாக வைத்திருந்தார்கள். கடைசி ரகத்தில் பதினாறு இன்ச் இரும்புச் சக்கரம், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. உச்ச ரகத்தில் பதினெட்டு இன்ச் அலாய் சக்கரம். தேர்ச் சக்கரம் மாதிரி ஆரம் ஆரமாக வெட்டி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறவர். கூட வந்திருந்தார். மெதுவாக வாயைத் திறந்தார்.

"மாமா, சின்ன வீலு போதுமேன்னு பார்க்கறேன். அதுல டயர் கொஞ்சம்..."

நான் முடிக்க விடவில்லை. மாட்டு வண்டியின் பெரிய சக்கரம் பள்ளத்தைத் தாண்டிப் போகும், தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் அதே பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொள்ளும். இதைக் கம்பெனியிலா போய்ப் படிக்க வேண்டும்? பெரிய சக்கரம் என்றால் சொகுசு. உச்ச ரகத்துக்கே கையெழுத்துப் போட்டேன்.

அதே சமயத்தில் எங்கள் பக்கத்து ஊர்ச் சமணர் ஒருவரும் அதே காரை எடுத்தார். நெல் வியாபாரம் செய்கிறவர். என்னோடு நாற்பது வருஷப் பழக்கம். நயினாரே என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், அவர்கள் ஜனத்துக்கு அது மரியாதைப் பேர். அவர் எடுத்தது கடைசி ரகம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை வாசலில் இரண்டு காரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது நான் சும்மா இருப்பேனா?

"இன்னா நயினாரே, காரு வாங்கினீங்க, காருக்குச் செருப்பு வாங்கலையா?"

அவர் சிரித்துக்கொண்டே, நெல் பார்க்கப் போகிறவனுக்கு இது போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் என் சக்கரத்தைத்தான் குனிந்து பார்த்தார்கள்.

முதல் தடவை மகளைப் பரிசோதனைக்கு அழைத்து வரப் போனேன். பின் சீட்டில் அவளும் என் மனைவியும். ஊரைத் தாண்டும்போதே ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரிந்தது. புது வண்டி, போகப் போகச் சரியாகும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு பாலாற்றுப் பாலம். அந்தப் பாலத்தில் சிமெண்டுத் தளம் துண்டு துண்டாகச் சேர்கிற இடம் உண்டல்லவா, அந்த ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி டமால் டமால் என்று அடித்தது. சுத்தியால் அடிவயிற்றில் அடிப்பது மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன். மகள் ஒரு கையால் மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நிறுத்துப்பா. நான் நடந்து வரேன்."

நடுப் பாலத்தில் இறங்கிவிட்டாள். கூடவே அவள் அம்மாவும். இரண்டு பேரும் ஓரமாக நடக்க, நான் அவர்கள் பக்கத்திலேயே காரை ஊர்ந்து ஓட்டினேன். பின்னால் டவுன் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே வந்தது. முந்திக்கொண்டு போகும்போது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "இன்னா பெரியவரே, வண்டியில இடம் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ரோட்டைத் திட்டினேன். பாலத்தைத் திட்டினேன். லாரிக்காரன் புத்தியில் காற்றை அதிகமாக அடித்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்து காற்றைக் குறைத்தேன். அடி கொஞ்சம் மந்தமானது, நிற்கவில்லை. சர்வீஸுக்கு விட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது சார், இந்த வண்டி இப்படித்தான் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். வண்டி இப்படித்தான் என்றால் நயினார் ஓட்டுவது வேறு வண்டியா? அவர் முதுகு மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் என் அனுபவத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். காலி லாரி குதிக்கும், பாரம் ஏற்றினால் அதே லாரி தொட்டில் மாதிரி போகும். எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் சொல்வான். ஆகவே காரின் டிக்கியில் அரிசி மூட்டைகளை அடுக்கினேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பொண்ணைக் கூட்டிக்கினு வரப் போறியா, ரேஷன் கடை வைக்கப் போறியா என்று கேட்டாள். மூட்டையோடு கிளம்பி ஊர் எல்லைக்குள்ளேயே ஒரு பள்ளத்தில் விட்டேன். காற்று குறைந்த டயர், மேலே அவ்வளவு பாரம். டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வந்துவிட்டது. அந்த அளவு டயர் காஞ்சிபுரத்துக் கடைகளில் இல்லை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். ஊர் முழுக்க லாரி டயர் வாங்குகிறவன் நான். என் காருக்கு ஒரு டயர் உள்ளூரில் இல்லை!

கார் கடையில் நிற்கும்போது சம்பந்தியம்மா போன் செய்தார். நேராக என்னிடம் சொல்லவில்லை. என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னாள். வளைகாப்பு முடிந்ததும் மாப்பிள்ளையே தன் காரில் கொண்டுவந்து விட்டுவிடுவாராம். பழைய சின்னக் கார்தான், ஆனால் குலுங்காதாம். நாம் சிரமப்பட வேண்டாமாம்.

நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். மனைவி அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

"உன் கௌரவம் இருக்கட்டும். அவ வயித்துல இருக்கறது நம்ம யாரு கௌரவத்துக்கும் வந்தது இல்ல."

வளைகாப்புக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில் வந்தவாசிப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. நயினாரும் அதற்குத்தான் கிளம்பினார். வா என்று கூப்பிட்டார், ஏறிக்கொண்டேன். அவர் இந்த வருஷத்து நெல்லில் ஈரம் அதிகம், யாரும் சரியாகக் காய வைப்பதில்லை என்று பேசிக்கொண்டே ஓட்டினார். பாலம் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தொப், தொப் என்று எங்கேயோ தூரத்தில் தலையணையைத் தட்டுவது மாதிரி கேட்டது. அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் பாலம் முடிந்துவிட்டது. அதே கார், அதே எஞ்சின், அதே சீட்டு. எனக்கு வந்த எரிச்சலில் செத்தவர் யார் என்பதே மறந்துவிட்டது.

திரும்பி வரும்போது பாலத்தில் கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஓட்டினார். அப்போதும் அப்படியேதான்.

என் வீட்டு வாசலில், சென்னை டயர் வந்து சரியாகி நின்ற என் காருக்குப் பக்கத்தில் அவர் காரை நிறுத்தச் சொன்னேன். குனிந்து கையால் அளந்தேன். தரையிலிருந்து டயரின் உச்சி வரைக்கும் இரண்டும் ஒரே உயரம்! என் சக்கரம் பெரியது என்று நான் நினைத்தது, நடுவில் இருக்கிற உலோகம் மட்டும்தான். உலோகம் பெரிதான அளவுக்கு ரப்பர் குறைந்துவிட்டது. அவர் டயரில் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் என் உள்ளங்கை முழுசாக அடங்கியது. என் டயரில் அவ்வளவு இடமில்லை, இரண்டு விரல் வெளியே நின்றது. பள்ளத்தில் விழும்போது அமுங்கிக் கொடுக்க வேண்டிய காற்றும் ரப்பரும் அங்கே இல்லை. அப்புறம் அடி நேராகச் சீட்டுக்கு வராமல் எங்கே போகும்?

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊரே இரும்புப் பட்டை போட்ட பெரிய சக்கரக் கட்டை வண்டிகளைத் தள்ளிவிட்டு டயர் வண்டிக்கு மாறியது. டயர் வண்டிச் சக்கரம் குள்ளம். ஆனால் அதில் படுத்துத் தூங்கிக்கொண்டே சந்தைக்குப் போகலாம். நானே அப்படிப் போயிருக்கிறேன். ஷோரூமில் நின்றபோது கட்டை வண்டியின் உயரம் ஞாபகம் வந்தது, அதன் அடி ஞாபகம் வரவில்லை. பளபளப்பு அப்படிக் கண்ணைக் கட்டிவிட்டது. யாருக்குத்தான் கட்டாது?

நயினாரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை. உங்கள் அந்தஸ்துக்கு அந்த இரும்புச் சக்கரம் எடுப்பாக இல்லை, கல்யாணம் காட்சி என்று போகிற மனிதர், வேண்டுமானால் என் அலாயைப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் சக்கரம் சும்மா என்னிடம் கிடக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை என்று சுற்றி வளைத்தேன். அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"பொண்ணைக் கூட்டியார்றதுக்கா?"

"ஆமாம்பா."

"இதைச் சொல்றதுக்கா இவ்ளோ நேரம் சுத்திக்கினு இருந்த? கழட்டு."

அன்றைக்கே மாற்றினோம். என் காரில் பிளாஸ்டிக் மூடி, அவர் காரில் தேர்ச் சக்கரம்.

வளைகாப்பு அன்றைக்குச் சம்பந்தி வீட்டு வாசலில் நான் காரை நிறுத்தியதும் மாப்பிள்ளையின் பார்வை நேராகச் சக்கரத்துக்குத்தான் போனது. சம்பந்தியம்மா, மாப்பிள்ளை காரும் பின்னாலேயே வரட்டும், நடுவில் முடியவில்லை என்றால் மாறிக்கொள்ளட்டும் என்றார். வரட்டும் என்றேன். மகள் கை நிறைய வளையலோடு பின் சீட்டில் ஏறி, ஏறியவுடனே மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

பாலத்தில் ஏறினேன். தொப், தொப். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. பாதிப் பாலம் தாண்டியதும் வளையல் சத்தம் கேட்டது. பிடியிலிருந்து கை இறங்கிவிட்டது. செவிலிமேட்டில் வண்டியை நிறுத்தித் திரும்பினால், அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். பின்னால் வந்த மாப்பிள்ளையின் காரும் நின்றது. அவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பேரன் பிறந்துவிட்டான். நயினார் அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளாத மனிதர், சக்கரத்தைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாமா என்று வந்து கேட்டார். தாயும் பிள்ளையும் அந்தப் பாலத்தின்மேல்தானே திரும்பிப் போக வேண்டும், அப்புறம் தடுப்பூசி, மொட்டை, காது குத்து என்று போக்குவரத்து ஓயாதே. இருக்கட்டும் நயினாரே என்றேன். அவருக்கு மட்டும் முதுகு வலிக்காதா என்று கேட்டால், நெல் மூட்டை தூக்கின முதுகு, ஒன்றும் ஆகாது என்கிறார்.

இப்போது ஊரில் அவருடையதுதான் உச்ச ரகம். பெட்ரோல் பங்கில் என்னிடம், ஏன் சார் கடைசி மாடல் எடுத்தீங்க, நீங்க போய் இப்படி எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் பின்னால் நிற்கிறவன் ஆரன் அடிக்கிறான். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த மனிதர் அலாயை ஒருநாள் கூடத் துடைப்பதில்லை. நெல் களத்துச் சேறு அப்பிக்கொண்டு அப்படியே ஊருக்குள் வருகிறார். கல்யாண மண்டப வாசலில் அவர் கார் நின்றால், யாரும் பார்க்காத சமயமாகக் குனிந்து, என் தோள் துண்டால் நான்தான் துடைத்துவிட்டு வருகிறேன்.