சாட்சிக் குளங்கள்

1. பச்சைக் குடல்

நாலாம் குளத்து இறாலின் குடல் பச்சையாக இருந்தது. அதைக் கண்ட காலையில் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இறால் பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுவதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவிக் கரையில் எங்கள் பண்ணைக்கு ஆறு குளங்கள். நான் அங்கே டெக்னிக்கல் ஒபிசர். வெண்புள்ளி வைரஸ் குளத்துக்குள் புகுந்தால் ஒரு கிழமைக்குள் குளம் காலி. மருந்து கிடையாது. நமக்குப் போடுவது போல இறாலுக்குத் தடுப்பூசி போட்டு நோயை நினைவில் வைத்திருக்கப் பழக்கவும் முடியாது.

இப்படியிருக்கையில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மரபணு மாற்றிய நுண்பாசி ஒன்றை வளர்த்தார்கள். வைரஸ் பெருகும் வேலையை நடுவில் அறுத்துவிடுகிற ஒரு ஆர்.என்.ஏ. துண்டை அந்தப் பாசி தன் உடம்புக்குள்ளேயே செய்து வைத்திருக்கும். அதைக் காயவைத்து, உயிரில்லாத தூளாக்கி, மீனெண்ணெயில் குழைத்துத் தீனின் மேல் பூசுவார்கள். இறால் தின்றால் அதன் குடல் கரும்பச்சையாகத் தெரியும். உயிரோடு பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் முதுகில் கோடு போட்டது போல் இருக்கும்.

பரீட்சித்துப் பார்க்க எங்கள் பண்ணைக்கு அனுமதி கிடைத்தது. நிபந்தனைகள் நிறைய. வெறும் பை ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, குளத்து நீரைக் குளோரின் போடாமல் வாவிக்கு விடக்கூடாது. ஒன்று, மூன்று, ஐந்தாம் குளங்களுக்குப் பாசித் தீன். இரண்டு, நாலு, ஆறுக்குச் சாதாரண தீன். கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். அந்த நாலாம் குளத்தில்தான் பச்சைக் குடல். இரண்டிலும் ஆறிலும் பார்த்தேன். அங்கேயும் பச்சை.

முதலில் அணைக்கட்டில் கசிவு என்று நினைத்தேன். சேற்றில் முழங்கால் புதைய மூன்று குளத்துக் கட்டுகளையும் சுற்றி வந்தேன். கசிவு இல்லை. பிறகு தீன் ஆலைக்காரர் பைகளை மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, போனில் கிழி கிழியென்று கிழித்தேன். அவர்கள் பொறுமையாகப் பை இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகமில்லை. கேட்டிருக்க மாட்டேன்.

2. கலக்கின கை

அடுத்த நாள் விடிந்தும் விடியாத வெள்ளாப்பிலேயே நாவற்குடாவிலிருந்து ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். தீன் கொட்டிலுக்குள் தவராசா அண்ணன் நின்றார். குருக்கள்மடத்துக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர், முன்பு வாவியில் வலை வீசியவர். எங்கள் பண்ணையில் தீன் போடுவது அவர் பொறுப்பு. நீல பீப்பாவுக்குள் பாசித் தீன் ஒரு பை, சாதாரண தீன் ஒரு பை கொட்டிச் சவளால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒளிக்கவுமில்லை, பதறவுமில்லை.

"என்ன அண்ணன் செய்யிறீங்க?"

"கலக்குறன் மிஸ்."

"ஆரு கலக்கச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. ஒரு பந்தியில இருத்திப்போட்டு மூண்டு பேருக்கு மருந்துச் சோறு, மூண்டு பேருக்கு வெறுஞ்சோறு எண்டா எப்பிடி மிஸ்? அந்த மூண்டு குளமும் என்ன பாவம் செஞ்சது?"

முதல் நாளிலிருந்தே இப்படித்தானாம். இரண்டு தீனையும் சரிபாதியாகக் கலந்து ஆறு குளத்துக்கும் சமமாகப் பங்கிட்டிருக்கிறார். அதனால் பைக் கணக்கு ஒரு பைகூடப் பிசகவில்லை. பதிவுப் புத்தகத்தைப் பார்த்து மெச்சிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

நான் அன்று பேசியதை இங்கே எழுத மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் வெண்புள்ளி வந்தபோது செத்த இறாலை ஐந்து நாளாக அள்ளிப் புதைத்தவர் அவர் என்பது பேசி முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கிழமை முழுக்க அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருடைய மனைவி என்னிடம் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவரிடம் மூன்று குளத்துக்கு மருந்து இல்லை என்று சொன்னால் வேறென்ன செய்வார்?

3. இரண்டு வழி

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. தவராசா அண்ணனின் வேலையும் போகாது, என் பேரும் கெடாது. உண்மையைச் சொன்னால் அனுமதியை இரத்துச் செய்யலாம், முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பலாம். தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தேன். மனம் மூடு மூடு என்றுதான் சொன்னது.

ஆனால் மூடினால் அறிக்கை எப்படி வரும்? ஆறு குளமும் ஒரே மாதிரி, பாசித் தீனால் ஒரு வித்தியாசமும் இல்லை, கைவிடலாம் என்று வரும். இதைத்தான் தவராசா அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்தமுறை கத்தாமல் சொன்னேன். அவர் சவளைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப இந்த மருந்து நல்லமெண்டாலும், நல்லமில்ல எண்டு எழுதப் போறாங்க. அதுக்கு நான்தான் காரணம், என்ன?"

ஓம் என்றேன். போனைப் போடச் சொன்னார். தானே சொல்வதாக நின்றார். பரீட்சையை நடத்திய ஆய்வுகூடத்து டொக்டரிடம் முதலில் நான் பேசினேன், பிறகு அவர் பேசினார். டொக்டர் நல்லாய்க் கோபித்துக்கொண்டார். கோபம் அடங்கிய பிறகு என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். அந்த மூன்று குளத்துக்கு ஏன் பாசித் தீன் கொடுக்கவில்லை என்று தவராசாவுக்கு யாராவது சொன்னீர்களா?

யாரும் சொல்லவில்லை. எந்தக் குளத்துக்கு எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு என்று சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தேன். ஏன் என்று ஒரு வரி எழுதவில்லை. இருபத்திரண்டு வருட வேலையில் நான் படித்த பாடம் இதுதான். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

தன் பக்கத்திலும் பிழை உண்டு என்று டொக்டர் ஒத்துக்கொண்டார். ஒரு தீன் பச்சை, மற்றது மண்ணிறம் என்றால் யாருக்கும் கை கூசத்தான் செய்யும். அனுமதி கொடுத்தவர்களிடமும் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்து, புதிதாகத் தொடங்க அவர்தான் சம்மதம் வாங்கினார். நிபந்தனைப்படி அந்தப் போகத்து இறாலை அழித்தோம். முதலாளி இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தவராசா அண்ணனை அனுப்பவில்லை. உண்மையைச் சொன்ன ஆளை அனுப்பினால் மிஞ்சுகிறவர்கள் எல்லாம் பொய்தான் சொல்வார்கள் என்றாராம்.

4. எழுத்துப் போட்ட பைகள்

மறுமுறை வந்த தீன் எல்லாமே பச்சை. பாதிப் பைகளில் மரபணு மாற்றிய பாசி, பாதியில் மாற்றாத வெறும் பாசி. பைகளில் எழுத்து மட்டும்தான் இருந்தது. எந்த எழுத்து எது என்பது டொக்டருக்கு மட்டும் தெரியும். தவராசா அண்ணன் பைகளை மோந்து பார்த்தார், நாக்கிலும் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, நல்லாத்தான் கட்டிப்போட்டாங்க மிஸ் என்று சிரித்தார். ஒருநாளும் கலக்கவில்லை.

மாரி மழைக்குப் பிறகு அயலில் இருந்த பண்ணையொன்றில் வெண்புள்ளி வந்தது. நாலாம் நாள் காலை தவராசா அண்ணன் போன் எடுத்தார். இரண்டாம் குளத்தில் இறால் கரையேறிக் கிடக்கு, தட்டில் போட்ட தீன் அப்படியே கிடக்கு என்றார். நான் போய் ஒரு இறாலின் தலையோட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் புள்ளிகள். அடுத்தடுத்த நாட்களில் மூன்றாம் குளமும் ஆறாம் குளமும் விழுந்தன. ஐந்தாம் குளத்தில் பாதி போய், நின்றது. ஒன்றிலும் நாலிலும் இறால் வழமை போலத் தட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தது.

டொக்டர் போனில் எழுத்துகளை வாசித்தார். விழுந்த மூன்றும் வெறும் பாசி தின்றவை. மரபணு மாற்றிய பாசி வேலை செய்கிறது என்று ஒரு போகத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது, இன்னும் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில்தான்.

வெளியே வந்தேன். தவராசா அண்ணன் ஆறாம் குளத்துக்குக் குளோரின் போட்டு முடித்து, குளக்கட்டில் குந்தியிருந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் உடைந்துபோவார் என்று பயந்து, ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"கவலதான் மிஸ். ஆனா இதுகள் வீணாச் சாகல்ல. அந்த மூண்டும் ஏன் தப்பினதெண்டு ஆரும் கேட்டா, இதுகள்தானே சாட்சி."

அன்றிரவே அறிக்கையின் தமிழ்ப் பிரதியை எடுத்தேன். ஒப்பிடுவதற்கென மருந்தில்லாமல் விட்ட குளங்களுக்குக் 'கட்டுப்பாட்டுக் குளம்' என்று இருந்த இடத்தையெல்லாம் வெட்டி, 'சாட்சிக் குளம்' என்று எழுதினேன். இந்தச் சொல்லை எந்த அகராதியில் எடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். எங்கள் பண்ணையில் தீன் போடுகிறவர் சொன்னது என்றேன். டொக்டர் அதை மாற்றவில்லை.