ஏழு வருடத்தில் உதிராத வரி

2014 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். ஒஹையோவின் கெல்லர்டன் நகர நூலக மாடியில், சட்ட உதவி மேசையில் இருந்த வெர்னா ஹாஸ்கின்ஸ், லெமுவல் ப்ரூயிட்டை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் நாற்காலியில் உட்காரவில்லை. சாவிக்கொத்தைக் குலுக்கியபடி சன்னலுக்கும் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க ஐயா. தரை தேஞ்சா எங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

"நின்னே முடி வெட்டிப் பழகினவன் மேடம். உக்காந்தா எனக்கு மூளை ஓடாது."

டன்மோர் தெருவில் முடிதிருத்தகம் வைத்திருந்தவர் லெமுவல். வயது நாற்பத்தைந்து, மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. அவருடைய தங்கை மகள் போதை மாத்திரைக்கு அடிமையாகிவிட, அவள் பெற்ற ஆறு வயது ஜோனெலைக் குழந்தைகள் நலத்துறை எடுத்துச் சென்று, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் விட்டிருந்தது. குழந்தையை இவரிடம் ஒப்படைப்பதா, அங்கேயே விட்டுவைப்பதா என்று வெள்ளிக்கிழமை விசாரணையில் முடிவாகும். விண்ணப்பத்தில் 'எப்போதேனும் தண்டனை பெற்றதுண்டா?' என்ற கேள்விக்கு லெமுவல் 'இல்லை' என்று எழுதியிருந்தார். பிறகு விரல்ரேகை எடுத்தார்கள். மாநிலத்திலிருந்து அவருடைய குற்றவரலாற்றுப் பதிவு வந்து சேர்ந்தது.

"ஏன் 'இல்லை'னு எழுதினீங்க?"

"அது தொண்ணூத்தொண்ணுல நடந்தது மேடம். ஏழு வருஷம் ஆனா தானா உதிர்ந்துடும்ல?"

வெர்னா கண்களை மூடித் திறந்தாள். டன்மோர் தெருவில் இதை நம்பாதவர்கள் குறைவு. கடன் பாக்கியைப் பற்றிய ஏதோ ஒரு விதி கடைக்குக் கடை, வாய்க்கு வாய் மாறி, போலீஸ் பதிவுக்கும் பொருந்துவதாகி, வேதவாக்காக நிலைத்துவிட்டது.

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். என் கடையில வாரத்துக்கு ஒருத்தனாவது சொல்லுவான். நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கேன்."

"அந்தப் பத்துப் பேரையும் என்கிட்ட அனுப்பிவைங்க. இது தானா உதிர்றதுக்கு என்ன மரத்து இலையா?"

லெமுவல் சிரிக்கவில்லை. பதிவை மேசைமேல் வைத்து விரலால் தட்டினார். "மூணு குத்தம் போட்டிருக்கான் பாருங்க. கொடுங்காயம், போலீஸை எதிர்த்தது, பொது இடத்துல ரகளை. நான் என்ன மூணு தடவையா பிடிபட்டேன்?"

"ஒரே கைதுதான். மேல ஒரே தேதி, ஒரே விரல்ரேகை எண். அன்னிக்கு ராத்திரி போலீஸ்காரர் எழுதினது இந்த மூணும். நீதிபதி என்ன சொன்னார்ங்கிறது இதுக்குக் கீழ வரணும்." அவள் விரல் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. "தீர்ப்பு ஏறவே இல்ல. படிக்கிறவங்க மோசமானதைத்தான் நினைச்சுக்குவாங்க. கொடுங்காய வழக்கு இன்னும் தொங்குதுன்னு."

"ரகளைக்குத்தான் ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போலாம், திங்கக்கிழமை வேலைக்குப் போலாம்னு வக்கீல் சொன்னாரு. உள்ள இருந்த நாளே தண்டனைன்னு விட்டுட்டாங்க."

"அதை எழுத்துல கொண்டுவரணும்."

இருவரும் நகர நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். லெமுவல் எப்போதும் பத்தடி முன்னால். கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் பதிவிலிருந்த எண்ணைத் தட்டிப் பார்த்து, அந்த வழக்கில் தீர்ப்பு எதுவும் இல்லை என்று கையை விரித்தார். லெமுவலின் முகம் சாம்பலாயிற்று. பெருங்குற்றச் சாட்டென்றால் நகர நீதிமன்றம் அதைக் கேட்டுவிட்டு மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும், அங்கே வேறு எண் விழும் என்பது வெர்னாவுக்குச் சாலையைக் கடக்கும்போதுதான் உறைத்தது. நேராக அங்கேயே போயிருக்கலாம். தன்னையே நொந்துகொண்டாள். மேல் நீதிமன்றத்தில், பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேடச் சொன்னார்கள். பழைய கட்டுகள் ஊருக்கு வெளியே கிடங்கில் இருந்தன. முத்திரையிட்ட நகல் வியாழன் மாலைதான் கைக்கு வந்தது. தெருச் சண்டையில் வீசப்பட்ட பாட்டில் பட்டு ஒருவர் காயமடைந்தார் என்று அதில் இருந்தது. மற்ற இரண்டு குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டிருந்தன.

ஆனாலும் 'இல்லை' என்று எழுதியது பொய்யாகவே நின்றது.

"இப்பவே திருத்தி எழுதிக் குடுத்துடலாம்," என்றாள் வெர்னா. "ஒண்ணு கேக்கறேன். அந்த ராத்திரி பாட்டிலை வீசினது நீங்கதானா?"

சாவிக்கொத்து நின்றது. "இல்ல."

"வேற யாரு?"

"சிநேகிதன். மறுவாரம் அவன் ராணுவத்துல சேரணும். பிடிபட்டிருந்தா சேத்திருக்க மாட்டாங்க."

"இப்ப எங்க இருக்கார்? வந்து ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு விசாரணையே வேற மாதிரி போகும், லெமுவல்."

அவர் சன்னலுக்குப் போனார், திரும்பினார், மறுபடியும் போனார். "வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையின் பின்வரிசையில் லெமுவலின் சர்ச் ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வேனில் ஓட்டிவந்த சர்ச் பொறுப்பாளர், டீக்கன் ஹோரஸ் டன், ஓரத்தில் இருந்தார். பெண் நீதிபதி நகலைப் படித்து நிமிர்ந்தார்.

"மிஸ்டர் ப்ரூயிட், ஒத்துக்கிட்டதை ஏன் மறைச்சீங்க?"

"மறைக்கல அம்மா. ஏழு வருஷத்துல போயிடும்னு நம்பினேன். கேக்காம நம்பினது என் தப்பு."

"அன்னிக்கு அந்த ஆளைக் காயப்படுத்தினீங்களா?"

பின்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. ஹோரஸ் டன் பாதி எழுந்திருந்தார். தொப்பி கையில் நசுங்கிக்கொண்டிருந்தது. லெமுவல் திரும்பி அவரை ஒரு கணம் பார்த்தார். உடனே முன்னால் திரும்பி, மூச்சு விடாமல் பேசினார்.

"ரகளைக்கு ஒத்துக்கிட்டேன் அம்மா. அதுக்கு நான்தான் பொறுப்பு. அதுக்கப்புறம் இருபத்திமூணு வருஷத்துல ஒரு வரிகூட ஏறல. நீங்களே பாத்துக்கலாம்."

ஹோரஸ் உட்கார்ந்தார். யார் அந்தச் சிநேகிதன் என்று வெர்னாவுக்கு அப்போது புரிந்தது. அவள் கை எழத் துடித்தது. மடிமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். நீதிபதி மறுபடியும் பதிவைப் புரட்டினார். நிற்கச் சொன்ன இடத்தில் லெமுவலால் நிற்க முடியவில்லை. குதிகால்கள் ஏறி ஏறி இறங்கின. கடைசியில், ஆறு மாதக் கண்காணிப்போடு குழந்தையை ஒப்படைக்க உத்தரவாயிற்று.

மாநிலப் பதிவிலும் தீர்ப்பை ஏற்றச் செய்து, திருத்திய பிரதியைக் கொடுக்க வெர்னா ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனாள். நாற்காலியில் ஹோரஸ் டன் தலை குனிந்திருந்தார். அவர் பிடரியில் லெமுவல் சவரக்கத்தியை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார்.

"லெம், அன்னிக்குக் கோர்ட்டுல நான்..." என்று ஹோரஸ் தொடங்கினார்.

"தலைய ஆட்டாதீங்க டீக்கன். காது போனா வேத வசனம் எப்படிக் கேப்பீங்க?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகும் பல வருடங்கள் ஹோரஸ் வாரம் தவறாமல் வந்து அந்த நாற்காலியில் கழுத்தைக் கொடுத்தார். லெமுவல் வானிலையைப் பேசினார், கால்பந்தாட்டத்தைப் பேசினார், ஜோனெலின் பல் விழுந்ததைப் பேசினார். அந்த ராத்திரியைப் பற்றி மட்டும் கடைசிவரை அவர் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.