பாதியாய் வெட்டிய குளிசை மட்டை

கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்த காலத்தில் நான் அங்கே குடும்பநல மருத்துவிச்சி. பள்ளிக்கூடத்தின் பின்வகுப்பில், சேலை ஒன்றை மறைப்பாகக் கட்டி கிளினிக் நடத்தினோம். மிஸிக்கு வாய் நீளம் என்று சனம் என்னைச் சொல்லும். பொய்யில்லை.

அன்று யோகமலர் கர்ப்பத்தடைக் குளிசை முடிந்து மூன்று கிழமை என்று வந்தாள். நான்காவது பிரசவத்தில் இரத்தப்பெருக்கு வந்து உயிர் தப்பியவள். இன்னொரு பிள்ளை தங்கினால் ஆள் மிஞ்சாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கர்ப்பத்தடை ஊசி வராததால்தான் குளிசை கொடுத்திருந்தேன். மட்டையைக் காட்டச் சொன்னேன். கத்தரிக்கோலால் வெட்டிய அரை மட்டையை நீட்டினாள்.

"மற்றப் பாதி எங்க?"

"பக்கத்துக் கொட்டில் ரஞ்சிக்குக் குடுத்தனான் மிஸி. ஓடி வரேக்க அவளின்ர எல்லாம் விடுபட்டுப் போச்சு. அரிசியையே பங்கு போட்டுத்தானே சாப்பிடுறம். குளிசையைக் குடுக்காம விடேலுமோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அரிசி எண்டா அரைவயிறாவது நிரம்பும். இது பாதி போட்டா போடாத மாதிரித்தான். அவளுக்குப் போன பாதியில ஏழு வெறும் இரும்புச்சத்துக் குளிசை!"

அவள் அழுதாள். கர்ப்பமா என்று சோதிக்க எங்களிடம் ஒன்றுமில்லை. மாதவிடாய் வரும்வரை புருசனுக்குக் கொண்டம் என்கிற ஆணுறை, வந்தவுடன் கிளினிக் என்று சொன்னேன்.

"அவர் வெக்கப்படுவார் மிஸி."

"வெக்கம் உங்களைக் காப்பாத்தாது. நானே வந்து கதைக்கிறன்."

பின்னேரமே சைக்கிளில் போனேன். அவளுடைய புருசன் கொட்டில் கூரைக்குக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தார். ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். நிலத்தைப் பார்த்தபடி கொண்டம் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"அவ எனக்கு வேணும் மிஸி" என்றார்.

அடுத்த கொட்டிலில் ரஞ்சி இருந்தாள். ஏசுவதற்கென்றே போனேன்.

"நீ ஏன் கிளினிக்குக்கு வரேல்லை?"

"வந்தனான் மிஸி. கிளினிக் கார்ட் இல்லாட்டி அடுத்தமுறை கொண்டு வாங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். கார்ட் கிளிநொச்சி வீட்டில கிடக்கு. எப்பிடிப் போய் எடுக்கிறது?"

ஏச வந்த நான் அவளுக்கு முன்னால் குந்தினேன். அந்த இடத்திலேயே மடியில் வைத்து அவளுக்குப் புதுக் கார்ட் எழுதினேன். கொண்டமும் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் யோகமலர் கிளினிக்குக்கு ஓடி வந்தாள். "வந்திட்டுது மிஸி." இரண்டு பேரும் அழுதோம். அந்தக் கிழமை ஊசியும் வந்திருந்தது. கருப்பைக்குள் வைக்கும் லூப், ஊசி இரண்டையும் விளங்கப்படுத்தி, எது வேண்டும் என்று கேட்டேன்.

"ஊசிதான். அதை ஆருக்கும் வெட்டிக் குடுக்கேலாது."

ரஞ்சிக்கு மாதவிடாய் வரவில்லை. ஏற்கெனவே இருந்த நாலு பிள்ளைகளோடு, தறப்பாள் கொட்டிலில் ஐந்தாவதைச் சுமந்தாள். தாயும் பிள்ளையும் சுகமாகத் தப்பியது என் கெட்டித்தனமில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கார்ட் இல்லாமல் வருகிறவளை முதலில் கதிரையில் இருத்துங்கள். ரஞ்சி வேண்டியதைக் கேட்டு, வேண்டிய நேரத்தில் என் வாசலுக்கு வந்தவள். திருப்பி அனுப்பியது நான்.